உயர்நிலைப் பள்ளி மாணாக்கரும் ஆங்கிலச் சொல்வளமும்: ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்க உதவி

விதையும் உரமும் பாசனமும் பேசப்படும் இவ்விதழில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பயிர்த்தொழில் செய்வோர் இல்லங்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் சென்று வரும் பிள்ளைகளின் தொகை இன்று மிகுதி. அவர்களுள் பலர் தமிழ்வழியில் கற்று, நல்ல மதிப்பெண்களும் பெற்று, கல்லூரியில் சேர்ந்த சில திங்களிலேயே மனந்தளர்ந்து விடுகின்றனர். பாடம் கடினமாக இருப்பதால் அன்று. பாடம் சொல்லப்படும் சொற்கள் அவர்களுக்குப் புதியனவாக இருப்பதால்.

எமது வட்டாரத்து விவசாயி ஒருவர் தம் மகளைப் பற்றிக் கூறியதை இங்கே குறிப்பிடலாம். இலையானது வெயிலைக் கொண்டு எவ்வாறு மாவுப்பொருளை ஆக்குகிறது என்பதை வீட்டிலுள்ள பாட்டனாருக்கும் விளங்குமாறு எடுத்துரைக்க வல்ல பெண் அவள். கல்லூரியில் 'போட்டோசிந்தசிஸ்' என்றும், 'ஸ்டோமட்டா' என்றும், 'ட்ரான்ஸ்பிரேஷன்' என்றும் விரிவுரை நடந்தபோது, தான் அறியாத வேறொரு பாடம் நடக்கிறது என்று எண்ணி இரண்டு வாரம் அஞ்சிக் கிடந்தாளாம். தான் நன்கறிந்த ஒளிச்சேர்க்கையும் இலைத்துளையும் நீராவிப்போக்குமே அவை என்று பின்னர்க் கண்டுகொண்டாள், தேறியும் விட்டாள். அவளோடு சேர்ந்த மற்றொரு மாணவி அரையாண்டுக்குள் படிப்பை விட்டு ஊர் திரும்பி விட்டாள் என்றும் அவர் கூறினார். இருவர்க்கும் அறிவில் வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. சில நூறு சொற்களே குறுக்கே நின்றன.

ஆங்கிலம் அறிந்தவனே அறிவாளி என்னும் எண்ணம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் மேற்படிப்பின் பெரும்பகுதி இன்றும் அம்மொழியில் நடைபெறுகிறது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோதே, சாலையும் கிணறும் போலச் சமூகக் கல்வியும் அதன் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. ஆகவே இது பள்ளி ஆசிரியரின் வேலை, நமக்கென்ன என்று ஊராட்சி ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கில அகராதியின் பருமனைக் கண்டு மாணாக்கர் மலைத்துப் போகின்றனர். மலைக்க வேண்டுவதில்லை. இத்துறையில் ஆராய்ந்தோர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றனர்.

மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இந்தியக் கல்விப் பணியில் அமர்ந்து, பிரிக்கப்படாத வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர். வங்கச் சிறுவர்கள் ஆங்கில வாசகத்தைப் படிக்க இயலாது திண்டாடுவதை அவர் கண்டார். வரிக்கு வரி புதிய சொற்கள் நெருங்கிக் கிடந்தமையே காரணம் என்று உணர்ந்து, புதிய சொற்களை இடைவெளி விட்டு அமைத்து, ஒருமுறை வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறு வாசக நூல்களை எழுதினார். நெருங்க நட்ட நாற்றுத் தூர் கட்டாது என்பதை உழவர்க்குச் சொல்ல வேண்டுமோ? பின்னர் 1953ஆம் ஆண்டில், அன்றாடப் பயனுள்ள ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து அவர் வெளியிட்டார். எந்த ஆங்கில நூலை எடுத்தாலும், அதிலுள்ள சொற்களில் பத்துக்கு ஏழுக்கு மேற்பட்டவை இத்தொகுதியில் அடங்கிவிடும்.

இவ்விரண்டாயிரத்திற்கு அப்பால் நிற்பவையே உயர் சொற்கள். நியூசிலாந்து நாட்டின் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், பல துறைகளைச் சேர்ந்த கல்லூரி நூல்களை ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் பொதுவாக வழங்கும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். கல்லூரி நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இவற்றைச் சேர்ந்தது. சொற்குடும்பம் என்பது ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்களின் கூட்டம். 'அனலைஸ்' என்பது ஆராய்தல், 'அனாலிசிஸ்' ஆராய்ச்சி, 'அனலிஸ்ட்' ஆராய்பவர், 'அனலிட்டிக்கல்' ஆராயும் இயல்புடையது. நான்கும் ஒரே குடும்பம்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் உள்ளன. ஆண்டுக்கு 36 வாரம், வாரத்திற்கு நான்கு குடும்பம் எனக் கொண்டால் நான்காண்டில் 576 ஆகிறது. வாரத்திற்கு நான்கு! இதனைச் செய்ய இயலாத மாணாக்கர் நம் சிற்றூர்களில் இல்லை. ஆனால் முதல் இரண்டாயிரம் உறுதிப்படாத பிள்ளைக்கு இந்த 570ஐத் திணிப்பது, அடியுரம் இடாத வயலில் மேலுரம் தூவுவது போலாகும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அடிப்படைச் சொற்களைச் செம்மை செய்துகொள்ள வேண்டும். பின்தங்கியவர் ஒன்பதிலும் அதனையே தொடர்வதில் இழுக்கில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் கிடக்கும் சொற்கள்

காக்ஸ்ஹெட் அம்மையாரின் தொகுதியில், மிகுதியாக வழங்கும் 60 குடும்பங்கள் முதற்பகுதியாக வைக்கப்பட்டுள்ளன. அப்பகுதியைப் பார்த்தால் ஊராட்சி உறுப்பினர்களுக்கு வியப்பு உண்டாகும். எஸ்டிமேட், கான்ட்ராக்ட், பெனிஃபிட், லேபர், இன்கம், ஃபைனான்ஸ், பாலிசி, செக்‌ஷன், டேட்டா, பர்சென்ட் ஆகிய யாவும் அதில் உள்ளன. ஒருநாளேனும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அமர்ந்தவர் இச்சொற்களைக் கேளாது எழுந்து வந்திருக்க முடியாது. கையெழுத்து மட்டும் போடக் கற்ற முதிய உறுப்பினர்கூட 'எஸ்டிமேட்' போட்டாயிற்றா என்றுதான் கேட்கிறார்.

ஆகவே பிள்ளைகள் உயர் ஆங்கிலச் சொற்களைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வீட்டில் தந்தையார் வாயிலிருந்தே அவற்றுள் பலவற்றைக் கேட்டு வளர்கின்றனர். கேட்ட சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்து, மற்றைப் பொருள்களை அறியாதிருப்பதே குறை.

'கான்ட்ராக்ட்' என்றால் நமக்கு ஒப்பந்தம். இயற்பியல் நூலில் அதுவே வினையாக நின்று, குளிர்ந்த இரும்பு சுருங்குவதைக் குறிக்கும். 'சாங்ஷன்' என்றால் நம் அலுவலகத்தில் அனுமதி; தொகை வந்துவிட்டது என்று மகிழ்வோம். செய்தித்தாளில் ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்' விதிக்கப்பட்டது என்று வந்தால், அது தண்டனையாக இடப்பட்ட தடை. அனுமதியும் தடையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதை மாணாக்கன் அறியாவிடில் முழுச் செய்தியையும் தலைகீழாக அன்றோ கொள்வான்? 'ரெசல்யூஷன்' கிராம சபையில் தீர்மானம். நிழற்படத்தில் நுண்மைத் தெளிவு. 'யீல்டு' வயலில் விளைச்சல். வினையாய் நின்றால் விட்டுக்கொடுத்தல் என்றும் பொருள்படும். 'இன்ட்ரஸ்ட்' கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி, பள்ளியில் ஆர்வம். 'சொல்யூஷன்' கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல்.

இதனை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். முடிந்துபோன பணி ஒன்றின் மதிப்பீட்டுத் தாளின் படியை ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து, அதிலுள்ள பத்துச் சொற்களைப் பத்தாம் வகுப்பு மாணாக்கரைக் கொண்டு விளக்கச் செய்யலாம். தம் தெருவில் இட்ட சிமெண்டுச் சாலையின் கணக்கு என்றால் பிள்ளைகள் ஊக்கத்துடன் படிப்பர். கணக்கில் ஐயம் எழுப்பினால் உறுப்பினர்கள் சினங்கொள்ளலாகாது!

வேரைப் பிடித்தால் மரம் வரும்

தமிழ் கற்ற மாணாக்கனுக்குச் சொல்லின் வேர் புதிதன்று. 'உழு' என்பதிலிருந்து உழவு, உழவன், உழவர் என வருவதை அவன் அறிவான். ஆங்கிலத்தின் உயர் சொற்களில் மிகப் பல இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. பத்து வேர்களை அறிந்தால் நூறு சொற்களின் பொருளை ஒருவாறு ஊகித்துவிடலாம்.

நமக்குப் பழகிய 'அக்ரிகல்ச்சர்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் 'அகெர்' என்பது வயல். 'குல்த்தூரா' என்பது பண்படுத்தி வளர்த்தல். முதற்பகுதியை மாற்றிக்கொண்டே போகலாம். 'ஹார்டிகல்ச்சர்' தோட்டக்கலை, 'ஹோர்ட்டுஸ்' என்றால் தோட்டம். 'சில்விகல்ச்சர்' காடு வளர்ப்பு. 'ஏபிகல்ச்சர்' தேனீ வளர்ப்பு. 'பிசிகல்ச்சர்' மீன் வளர்ப்பு. 'செரிகல்ச்சர்' பட்டுப்புழு வளர்ப்பு. 'அக்வா' என்பது நீராதலின் 'அக்வாகல்ச்சர்' நீரில் வளர்ப்பன யாவும். இத்துறைகளின் பெயர்ப்பலகைகளை மாணாக்கர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். ஒரு வேர் ஏழு சொற்களைக் கொடுத்துவிட்டது.

'போர்ட்' என்னும் பகுதி சுமத்தலைக் குறிக்கும். 'இம்போர்ட்' உள்ளே சுமந்து வருவது, இறக்குமதி. 'எக்ஸ்போர்ட்' வெளியே சுமந்து செல்வது, ஏற்றுமதி. 'ட்ரான்ஸ்போர்ட்' ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது. 'ரிப்போர்ட்' செய்தியைத் திரும்பச் சுமந்து வருவது. 'சைட்' என்று முடியும் சொற்களில் கொல்லுதல் என்னும் கருத்து உண்டு. 'இன்செக்டிசைட்' பூச்சியைக் கொல்வது; 'ஃபங்கிசைட்' பூஞ்சாணத்தை; 'ஹெர்பிசைட்' களைச்செடியை. சட்ட நூலில் மனிதக் கொலையைக் குறிக்கும் 'ஹோமிசைட்' என்பதும் இதே குடும்பமே.

வேரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பென்' என்பதும் 'பென்சில்' என்பதும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும், உண்மையில் உறவில்லை. முன்னது இறகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது சிறு தூரிகையைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை. பென்சிலுக்கு உண்மையான உறவு 'பெனிசிலின்' என்னும் மருந்து. அம்மருந்தைத் தரும் பூஞ்சாணம் தூரிகை வடிவில் இருப்பதால் அப்பெயர் பெற்றது. ஆகவே ஊகித்த பின் அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொள்வது கடமை.

தமிழ்க் கலைச்சொற்களும் இவ்வகையில் நமக்கு உதவுகின்றன. ஒளி, சேர்க்கை என்னும் இரு பகுதிகளே 'போட்டோ', 'சிந்தசிஸ்' என்னும் இரு பகுதிகள். மின்னாற்பகுப்பு என்பதில் மின் என்பது 'எலக்ட்ரோ'. பகுப்பு என்பது 'லிசிஸ்'. தமிழ்ச் சொல்லைப் பொருள் உணர்ந்து கற்றவனுக்கு ஆங்கிலச் சொல் பாதி திறந்தே கிடக்கிறது. தமிழ்வழிப் பாடநூல்களில் கலைச்சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களும் தரப்பட்டுள்ளன. அவற்றைத் தேர்வுக்கு வேண்டாதவை என்று தள்ளிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பதினொன்றாம் வகுப்பு முதலே ஒவ்வொரு பாடத்திற்கும் அவ்விணைகளைத் தனி ஏட்டில் எழுதி வருமாறு பெற்றோர் வற்புறுத்த வேண்டும். மேலே கூறிய பெண்ணின் இரண்டு வார அச்சம் இந்த ஓர் ஏட்டினால் நீங்கியிருக்கும்.

புட்டியின் மேலுள்ள சொற்கள்

சொல்லறிவு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. பூச்சிமருந்துப் புட்டியின் மேல் நிறமிட்ட சதுரம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளின்படி, சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலம் நடுத்தரமானதையும், பச்சை குறைந்ததையும் காட்டும். நிறத்துடன் சொல்லும் மாறும். சிவப்பில் மண்டையோட்டுக் குறியுடன் 'பாய்சன்', மஞ்சளில் குறியின்றிப் 'பாய்சன்', நீலத்தில் 'டேஞ்சர்', பச்சையில் 'காஷன்'. நஞ்சு, ஆபத்து, எச்சரிக்கை என்னும் இம்மூன்றின் தரவேற்றுமையை அறிந்த பிள்ளை ஒரு குடும்பத்தின் உயிருக்குக் காவல். 'டைல்யூட்' என்றால் நீர் சேர்த்துச் செறிவைக் குறைப்பது, 'ஆன்டிடோட்' நச்சுமுறி, 'எக்ஸ்பைரி' பயன்காலம் முடியும் நாள். தாளில் வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்பது விதி. எனினும் எழுத்துப் பொடியாக இருந்தாலும் அழிந்திருந்தாலும் ஆங்கிலப் பகுதியும் படிக்கத் தெரிந்திருப்பது நன்று. காலிப் புட்டியைப் பிள்ளைகள் கையில் கொடாமல், உடன்வரும் துண்டுத்தாளை மட்டும் கொடுத்துப் படிக்கச் செய்க.

மறவாதிருக்க ஒரு பெட்டி

1885ஆம் ஆண்டில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி மறதியை அளந்தார். பொருளற்ற அசைகளைக் கற்று ஒரு மணி நேரம் சென்றபின் பாதிக்கு மேல் மறந்துபோவதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நெடுநாள் நிலைப்பதையும் அவர் கண்டார். தேர்வுக்கு முந்தைய இரவு நூறு சொற்களை உருப்போடும் வழக்கம் எவ்வளவு வீண் என்பது இதனால் விளங்கும்.

1972ஆம் ஆண்டில் செபாஸ்தியான் லைட்னர் என்பார் இதற்கு எளிய முறை ஒன்றைக் கூறினார். ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ள வேண்டும். பழைய காலணிப் பெட்டி போதும். அட்டைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. முகூர்த்த காலம் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் திருமண அழைப்பிதழ்கள் குவிந்து கிடக்கின்றன. எழுத்தில்லாத பக்கத்தை நறுக்கிக்கொள்ளலாம். அட்டையின் ஒருபுறம் ஆங்கிலச் சொல். மறுபுறம் தமிழ்ப் பொருளும் அச்சொல் அமைந்த ஒரு வாக்கியமும். புதிய அட்டை முதல் அறையில் நிற்கும். அவ்வறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். இரண்டாம் அறையை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறையும், நான்காவதை வாரம் ஒருமுறையும், ஐந்தாவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் செல்லும். எழுத்தறியாத தாயும் அட்டையின் தமிழ் வாக்கியத்தைப் பிள்ளையிடம் கேட்டு, தயங்கினானா இல்லையா என்று கண்டுகொள்ளலாம்.

வாக்கியம் இன்றியமையாதது என்று சொல்லக் காரணம் உண்டு. கடைகளில் விற்கும் துணைநூல்களில் ஒருபொருட்பன்மொழி என்று வரிசை வரிசையாகச் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். உருப்போட்டு எழுதினால் மதிப்பெண் கிட்டலாம், மொழி வராது. தமிழில் உண், தின், பருகு என்பன ஒன்றாகுமா? நீரைத் தின்றான் என்று எவரும் சொல்வதில்லை. அதுபோல் ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி' என்றும் காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்றும் சொல்வர். மாற்றிச் சொன்னால் நகைப்பர். நாமும் கனமழை, பலத்த காற்று என்றுதானே சொல்கிறோம்? எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடும் என்பதை வாக்கியமே கற்பிக்கும்.

சில ஊராட்சிகளில் பள்ளி வாயிலில் கரும்பலகை வைத்து நாளுக்கு ஒரு சொல் எழுதுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் இன்று எழுதிய சொல் நாளை அழிக்கப்பட்டு, மறுபடி வருவதே இல்லை. சுண்ணாம்புக் கட்டிதான் செலவு. வாரத்திற்கு நான்கு சொல் மட்டும் எழுதி, சனிக்கிழமை வரை அழியாமல் வைத்து, அடுத்த திங்களில் அதே சொற்களைப் புதிய வாக்கியங்களில் மீண்டும் எழுதினால் பயன் உண்டு.

நூலகமும் அகராதியும்

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் நமது சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஊராட்சி திரட்டும் வீட்டுவரியோடு ரூபாய்க்குப் 10 காசு வீதம் நூலக வரியும் சேர்கிறது. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் சிற்றூர்களில் நூலகக் கட்டடங்களும் எழும்பின. கட்டடம் இருந்தும் மாலையில் பூட்டிக் கிடப்பதுதான் பல இடங்களில் காணும் நிலை. பள்ளி விட்டபின் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை திறந்து வைப்பதற்கு ஊரிலேயே படித்த இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கினால் பாதி வேலை முடிந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டாதலின், நேரத்தைப் பள்ளியோடு கலந்து வகுத்துக்கொள்ளலாம்.

அங்கே வைக்க வேண்டியவை இரண்டு அகராதிகள். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம். மற்றொன்று, கற்போருக்கென எளிய ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி. இவ்வகை அகராதிக்கும் முன்னோடி வெஸ்ட் அவர்களே; 1935இல் அவர் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்டே மற்றச் சொற்கள் எல்லாவற்றிற்கும் பொருள் கூறினார். பின்னர் ஏ. எஸ். ஹார்ன்பி முதலியோர் இத்துறையை வளர்த்தனர். எட்டாம் வகுப்பு வரை தமிழ்ப் பொருள் தரும் அகராதியும், அதன்பின் இரண்டும் பயன்பட வேண்டும். பரிசளிப்பு விழாக்களில் எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்குப் பதிலாக இத்தகைய அகராதியை வழங்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாத்திரம் எப்படியும் வீட்டில் இருக்கும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போவதில்லை. நாம் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவதும் ஓரளவே பொருந்தும். கைப்பேசி அகராதிகள் சொல்லை ஒலித்துக் காட்டுகின்றன. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு வயலுக்கோ மகனோடு வெளியூருக்கோ போய்விடுவதால், பெண்பிள்ளைகளுக்கு அது கிட்டுவது அரிதாக உள்ளது. நூலகத்தில் ஒரு கணினியோ கைப்பேசியோ ஒலிபெருக்கியோடு வைத்து, வாரத்தின் நான்கு சொற்களை எல்லோரும் கேட்டுத் திரும்பச் சொல்லுமாறு செய்தால் இக்குறை தீரும். சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் இதற்குப் போதுமானது. கரும்பலகையை அழிப்பதற்கு முன் இதனைச் செய்துவிட வேண்டும்.